அழுக்குக்கும் எடை உண்டு

உங்கள் நகைக்கடை முதலாளி என்னைக் கூப்பிட்டு, "புதுசாச் சேந்த பசங்ககிட்ட உங்க அனுபவத்தைச் செத்த நேரம் சொல்லுங்க பத்தரே" என்றார். வந்தேன், சொன்னேன். நீங்களும் மிக மரியாதையாகத் தலையைக் குனிந்துகொண்டு, செல்போனைப் பார்த்தபடி கேட்டீர்கள். அதனால் இப்போது எழுதியே தருகிறேன். எழுத்தில் ஒரு வசதி உண்டு. எப்போது வேண்டுமானாலும் படிக்காமல் இருக்கலாம்.

அன்று உங்களில் ஒருவர் மட்டும் தலையைத் தூக்கி, டாலருக்குள் இருக்கும் பழைய காசைச் சேதமில்லாமல் எப்படிக் கழற்றுவது என்று கேட்டார். நல்ல கேள்வி. கழுத்தில் தொங்குவது எதுவானாலும் நம் பக்கம் அதற்கு டாலர் என்று பேர். உள்ளே இங்கிலாந்து ராஜாவின் தலை இருந்தாலும் டாலர்தான். அவர் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

எப்படிக் கழற்றுவது என்று நான் சொல்லப்போவதில்லை. உங்களிடம் லேசர் மெஷின் இருக்கிறது, கண்ணாடி அறை இருக்கிறது, ஏசி இருக்கிறது. என்னிடம் நூல் மாதிரி அறுக்கும் வாள் ஒன்று, ஒரு குறடு, ஒரு ஊதுகுழல், அதில் ஊத நெஞ்சில் கொஞ்சம் காற்று, இவ்வளவுதான் இருந்தன. எதை வைத்துக் கழற்றினாலும் காசு வெளியே வந்துவிடும். வந்த பிறகுதான் நம் வேலை ஆரம்பிக்கிறது. அதை எந்த மெஷினும் செய்து தராது.

நான் தொழில் பழகியது ராஜபாளையத்தில். எண்பதுகளின் தொடக்கம். பட்டறை முதலாளியின் பேரைச் சொல்ல மாட்டேன். அவர் பிள்ளைகள் இன்றும் தொழிலில் இருக்கிறார்கள், என்னைவிட நன்றாகவே இருக்கிறார்கள். அவருக்கு இருந்தது ஒரே கொள்கை: பட்டறைக்குள் எது வந்தாலும் வெளியே போகும்போது பளபளவென்று போக வேண்டும். ஒருமுறை குடையைக் கம்பி ஒட்டக் கொண்டு வந்தவருக்குக்கூடக் கைப்பிடிப் பூணை மெருகு போட்டுக் கொடுத்தார். கேட்கவே மாட்டார், செய்துவிடுவார்.

ஒருநாள் ஒரு மில்லில் ஸ்பின்னிங் மாஸ்டராக இருந்தவர் ஸ்கூட்டர் சாவியோடு வந்தார். சாவிக்கொத்தில் ராஜா தலை போட்ட ஒரு பழைய வெள்ளி ரூபாய், வளையத்துக்குள் பதித்துத் தொங்கிக்கொண்டிருந்தது. மாமனார் கொடுத்தது. மாஸ்டருக்கு அப்போதுதான் பழைய காசு சேர்க்கும் பித்துப் பிடித்திருந்தது. சாவியில் தொங்கியது லேசுப்பட்ட காசு இல்லை என்று யாரோ சொல்ல, பதறிப்போய் ஸ்கூட்டரையே தள்ளிக்கொண்டு வந்திருந்தார். சாவியைப் போட்டு ஓட்டினால் காசு ஆடி உரசுமாம். "வளையத்தை மட்டும் எடுத்துருங்க பத்தரே, டீ குடிச்சிட்டு வந்துடறேன்" என்று போனார்.

என் முதலாளி அருமையாகக் கழற்றினார். ஒரு கீறல் இல்லை. அத்தோடு கையைக் கழுவியிருந்தால் அவரை நான் இன்றும் கும்பிடுவேன். ஆனால் இவ்வளவு சின்ன வேலைக்குக் கூலி கேட்க அவருக்குக் கூச்சமாக இருந்தது. ஆகவே, தருமமாக, காசைத் திராவகத்தில் முக்கி, பிரஷ் போட்டுத் தேய்த்து, மெருகுச் சக்கரத்தில் பிடித்தார். மாஸ்டர் திரும்பி வந்தபோது காசு முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி இருந்தது. அதில் மாஸ்டரின் முகம் தெரிந்தது, ராஜாவின் முகம்தான் தெரியவில்லை.

மாஸ்டர் வெகுநேரம் அதையே பார்த்தார். "ராஜாவுக்குச் சவரம் பண்ணி விட்டுட்டீங்களே" என்றார்.

"அதுக்குத் தனியாக் கூலி இல்ல சார்" என்றார் என் முதலாளி, பெருமையாக.

கேட்காத வேலையைச் செய்யாதீர்கள். அதிலும் இலவசமாகச் செய்யவே செய்யாதீர்கள். காசு வாங்கிக்கொண்டு கெடுத்தால் திட்டவாவது அவர்களுக்கு உரிமை இருக்கும். சும்மா கெடுத்தால் பாவம், நன்றி வேறு சொல்ல வேண்டியிருக்கிறது. மாஸ்டர் அன்று நன்றி சொல்லிவிட்டுத்தான் போனார். அந்தக் குரல் எனக்கு இன்னும் கேட்கிறது.

தொண்ணூறுகளில் நான் ஸ்ரீவில்லிபுத்தூரில், ரத வீதியை ஒட்டிய ஒரு சந்தில் தனியாகப் பட்டறை போட்டேன். அங்கே வந்து சேர்ந்தவள்தான் பேச்சியம்மாள். ஊர் மம்சாபுரம். ஒரு பால்கோவாக் கடையில் அடுப்படி வேலை. பால் சுண்டிக் கோவாவாகும் வரை புளிய விறகுப் புகைக்குள் நின்று கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும், கையை எடுத்தால் அடிபிடிக்கும். முதலாளியின் பேர் கடைக்கு முன்னால் பெரிய எழுத்தில் இருந்தது. கிண்டுகிறவள் பேரைப் பலகையில் எழுதும் வழக்கம் நம் ஊரில் இன்னும் வரவில்லை.

அவள் கழுத்தில் அவள் அம்மா போட்டுவிட்ட டாலர் ஒன்று இருந்தது. தங்கக் கூட்டுக்குள் ராஜா தலை போட்ட பழைய பவுன் காசு. அதை முதலில் கண்டவர் அதே மாஸ்டர்தான். கோயிலுக்கு வந்தவர், சம்சாரத்தோடு கோவா வாங்கப் போயிருக்கிறார். பேச்சியம்மாள் குனிந்து பொட்டலத்தை நீட்டியபோது இவர் பொட்டலத்தைப் பார்க்காமல் அவள் கழுத்தையே உற்றுப் பார்த்திருக்கிறார். கூடச் சம்சாரம் இருந்ததால் அடி விழாமல் தப்பித்தார். காசின் பின்பக்கம் குதிரை மேல் ஒருத்தன் இருப்பானாம், அந்தக் குதிரையின் காலடியில் ஒரு பொடி எழுத்து இருக்கிறதாம். அந்த எழுத்து இருந்தால் அது நம் நாட்டிலேயே கொஞ்ச காலம் மட்டும் அடித்த காசாம். இதையெல்லாம் கோவாக் கடை வாசலிலேயே அவளுக்குப் பாடம் நடத்திவிட்டு ஒரு விலை சொன்னார். தங்கத்தின் விலையைவிட வெகுவாகக் கூட. ஆனால் ஒரு நிபந்தனை. கூட்டிலிருந்து எடுக்கும்போது காசில் ஒரு கீறல் விழக் கூடாது. முக்கியமாக, கழுவக் கூடாது. அந்தச் சவரத்தை அவர் மறக்கவில்லை.

பேச்சியம்மாளுக்கு அந்த விலை எதற்கு என்பதையும் சொல்லிவிடுகிறேன். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கடை காலியாகிக்கொண்டிருந்தது, பின்னால் அடுப்படியோடு. ஆடிப்பூரத் தேருக்கு முன் முன்பணம் கட்டினால் கடை அவளுக்கு. காசைத் தங்கமாக விற்றால் அந்த முன்பணம் தேறாது. மாஸ்டர் விலைக்கு விற்றால் தேறும், விறகுக்கும் முதல் நாள் பாலுக்கும்கூட மிஞ்சும். ஆக, அவளுக்குச் சொந்த அடுப்பு அமைவது அந்தக் காசின் மேல் படிந்திருந்த அழுக்கின் கையில் இருந்தது. சிரிக்காதீர்கள். நிலைமை அதுதான்.

அவள் தனியாக வரவில்லை. புருஷன் ராஜபாளையத்து மில் லாரியில் டிரைவர், சரக்கேற்றிக்கொண்டு வடக்கே போயிருந்தார். போகும்போது, பட்டறைக்குப் போனால் எங்கண்ணனைக் கூட்டிக்கொண்டு போ என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அந்த அண்ணன் பேர் குருசாமி. தங்க வேலைக்குக் கொடுத்தால் வீட்டு ஆள் ஒருவர் பட்டறையில் உட்கார்ந்து பத்தரின் கையையே பார்த்துக்கொண்டிருப்பது நம் பக்கத்து வழக்கம். உங்கள் கடையில் அதற்குக் கேமரா இருக்கிறது. எனக்கு வாய்த்தது குருசாமி. கேமராவாவது எப்போதாவது ரிப்பேர் ஆகும்.

அவர் முழங்கால் என் பலகையில் இடிக்கும்படி உட்கார்ந்தார். கண்ணைச் சிமிட்டவில்லை. "கை மடிப்பை அவுத்து உதறிக் காட்டும்" என்றார். நான் பனியனில் இருந்தேன். "சரி, மொதல்ல நிறும்" என்றார்.

கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த சின்னத் தராசில் டாலரை வைத்து நிறுத்தேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இத்தனை குந்துமணி என்று எடையைச் சத்தமாகச் சொன்னேன். குருசாமி அதை இரண்டு முறை முணுமுணுத்துவிட்டு, மறந்துபோகாமல் இருக்கத் துண்டு முனையில் ஒரு முடிச்சுப் போட்டார்.

அப்போது மாஸ்டர் வந்து சேர்ந்தார். கையில் பூதக்கண்ணாடி, வெள்ளைக் கைக்குட்டை. என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. தெரியாததே நல்லது என்று நானும் விட்டுவிட்டேன். "நெருப்புக் காட்டக் கூடாது. திராவகம் கூடாது. தண்ணி கூடாது. கல்லுல உரசக் கூடாது. துணி போட்டுத் தொடைக்கக் கூடாது" என்று அடுக்கினார்.

"மூச்சு விடலாமா சார்?"

"திரும்பிக்கிட்டு விடுங்க" என்றார். கேலி அவருக்குப் புரியவே இல்லை.

காசும் கூடும் பல வருஷமாக ஒட்டிக் கிடந்தவை. பிரிக்கும்போது இரண்டில் ஒன்று சாகும். எது சாக வேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்துவிட வேண்டும். வாளை எடுத்த பிறகு யோசிக்கிறவன் இரண்டையும் கொன்றுவிடுவான். நான் கூட்டை அறுத்தேன்.

"கூட்டை எதுக்கு அறுக்குதீரு? அதுவும் தங்கந்தான?" என்றார் குருசாமி.

"அறுத்த தங்கமும் தங்கந்தான் பெரியவரே. எங்கேயும் ஓடிடாது. உருக்கினா எல்லாம் ஒண்ணுதான்."

"அதெல்லாம் ஓடும்" என்றார்.

கீழே விரித்திருந்த காகிதத்தில் அறுத்த பொடி விழுந்தது. கூடு பிளந்து, காசு என் விரலுக்குள் வந்தது. கூடவே, காசுக்கும் கூட்டுக்கும் நடுவே அடைந்திருந்த கறுப்பு அழுக்கு செதில் செதிலாக உதிர்ந்தது. மஞ்சள், எண்ணெய், சோப்பு, வியர்வை, பால் ஆவி, புளிய விறகுப் புகை, எல்லாம் அதில் இருந்திருக்கும். காசின் இரண்டு முகத்திலும் அதே கறுப்பு மெல்லிசாகப் படிந்திருந்தது. மாஸ்டர் பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு, "ஆகா, என்ன அழகு! யாரும் கை வெக்கல" என்றார். பேச்சியம்மாள் வெட்கத்தோடு கழுத்தைத் தடவிக்கொண்டாள். தன் கழுத்து அழுக்கை ஒரு பெரிய மனுஷர் புகழ்ந்தால் அவள்தான் என்ன செய்வாள்?

"நிறும்" என்றார் குருசாமி.

காசு, அறுத்த கூடு, பொடி, எல்லாவற்றையும் தட்டில் வைத்தேன். தராசு மறுபக்கம் சாய்ந்தது. முதலில் சொன்ன எடையைவிட அரைக் குந்துமணி குறைவு. குருசாமி துண்டு முடிச்சைத் தூக்கி, ஏதோ நீதிமன்றத்தில் காட்டுவது போல என் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"எங்கவே மிச்சம்?"

"அழுக்கு, பெரியவரே" என்றேன். காகிதத்தில் கிடந்த செதில்களைக் கூட்டித் தட்டில் போட்டேன். தராசு முள் நேராக நின்றது. இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். கணக்கு சரியாக வந்தால் மனிதர்கள் ஒத்துக்கொள்வார்கள் என்று நம்பிய வயது அது.

"அழுக்க நிறுத்துத் தங்கம்னு கணக்குக் காட்டுதீரா? அது எங்க வீட்டு அழுக்கா, உம்ம பட்டறை அழுக்கான்னு எவன் கண்டான்? எம்புட்டுப் பேரைப் பாத்துருக்கேன்! கண்ணு முன்னாலயே காசையே மாத்திப்புடுவாக. கழுவும். கழுவிக் கல்லுல உரசிக் காட்டும், பாப்போம்."

கழுவினால் எடை இன்னும் குறையும் என்று அவரிடம் சொல்லிப் பயனில்லை. அவர் குரல் அதற்குள் சந்து முனையைத் தாண்டிவிட்டது. பூக்காரம்மா வந்தாள். எதிர் டீக்கடையிலிருந்து கிளாஸோடு நாலைந்து பேர் வந்தார்கள். "உரசித்தான் காட்டுமேன், என்ன கொறஞ்சிடும்?" என்று ஒருவர். "மடியில கனம் இல்லாதவரு உரசலாம்ல" என்று இன்னொருவர். நேற்று வரை என்னிடம் கடன் சொல்லி மோதிரம் ஒட்டிக்கொண்டு போனவர்கள்தான்.

என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். பட்டறை போட்டு அதிக நாள் ஆகவில்லை. பத்தரைத் திருடன் என்று சந்தில் நாலு பேர் சொன்னால் சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கச் சொல்லும், மறுநாள் நான் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். காசைக் கழுவி, விளிம்பில் ஒரு இழுப்பு உரசினால் என் பேர் பிழைத்துவிடும். பேச்சியம்மாளின் அடுப்பு போய்விடும். மாஸ்டர் சுவரோடு சாய்ந்து, "உரசுனா எனக்கு வேண்டாம், உரசுனா எனக்கு வேண்டாம்" என்று மந்திரம் போலச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் பெரிய தியாகி என்று நினைத்துவிடாதீர்கள். தங்கம் கைக்கு வந்தால் கல்லில் ஒரு இழுப்பு இழுப்பது நம் கைக்கு ஊறிப்போனது. மனசு யோசித்துக்கொண்டிருக்கும்போதே கை உரைகல்லுக்கு மேல் போய்விட்டது. காசு கல்லைத் தொட ஒரு நூல் இடைவெளிதான் இருந்தது.

"அத்தான்" என்றாள் பேச்சியம்மாள், குருசாமியைப் பார்த்து. அதுவரை வாயே திறக்காதவள். "நேத்து நான் கிண்டுன சட்டியில எம்புட்டுப் பாலு ஊத்துனாக, பாத்தீகள்ல?"

"ஆமா, அதுக்கென்ன இப்ப?"

"அம்புட்டும் கோவாவா வந்துச்சா? கால்வாசி கூட வரல. மிச்சம் எங்க போச்சு? நான் மடியில கட்டிட்டு வந்துட்டனா?"

"அது ஆவியாப் போவும். அது வேற."

"அது ஆவியாப் போச்சு, இது அழுக்காப் போச்சு. எங் கழுத்துல கெடந்த அழுக்கு எனக்குத் தெரியாதா அத்தான்? இதுல வாரது எங்க அடுப்புப் புகை வாசம்தான்." சொல்லிக்கொண்டே என் விரலிலிருந்து காசை வாங்கி, மாஸ்டரின் கைக்குட்டையில் வைத்தாள். "எடுத்துக்கோங்க சார்."

டீக்கடைக் கூட்டம் சிரித்துவிட்டது. திருடன் என்று சொன்ன வாயாலேயே, "பத்தர் பாவம்யா" என்று சொல்லிக்கொண்டு கலைந்தது. குருசாமி மட்டும் சிரிக்கவில்லை. "பேச்சுக்கு நல்லாத்தான் இருக்கு" என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு எழுந்தார். அவர் நம்பவில்லை. எனக்குப் பயத்தைவிடக் கோபம்தான் அதிகமாக இருந்தது. அவரைப் பிடித்துச் சந்தில் தள்ளியிருப்பேன், பேச்சியம்மாளின் முகத்துக்காக விட்டேன்.

அன்றிலிருந்து பழைய காசு எது வந்தாலும் முதல் வேலையாக உரைகல்லைத் தூக்கி அடுத்த அறையில் வைத்துவிடுவேன். நம் கையை நம்பக் கூடாது. அதற்கு நம்மைவிட அனுபவம் அதிகம்.

பேச்சியம்மாள் கடையைப் பிடித்தாள். ஆடிப்பூரக் கூட்டத்தில் வியாபாரம் நடந்தது. எல்லாம் நலமாக முடிந்தது என்று நான் நினைத்திருந்த வேளையில், ஒரு சனிக்கிழமை காலை மாஸ்டர் என் பட்டறை வாசலில் நின்றார். யாரோ செத்துப்போன முகம். கைக்குட்டையைப் பிரித்தார். உள்ளே காசு தகதகவென்று மின்னியது.

நடந்தது இதுதான். வெள்ளிக்கிழமை பூஜைக்கு மேஜை இழுப்பறையில் ஊதுபத்தி தேடிய அவர் சம்சாரத்தின் கையில் இந்தக் காசு கிடைத்திருக்கிறது. தங்கக் காசு, மகாலட்சுமி, இப்படி அழுக்குப் பிடித்துக் கிடக்கிறதே என்று அந்தம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறப்போட்டு, பல்பொடி தூவி, பழைய பிரஷ்ஷால் நன்றாகத் தேய்த்து, குங்குமம் வைத்து, படத்துக்கு முன்னால் வைத்துவிட்டார். இவர் பார்த்துவிட்டு அலறியதற்கு, "ஏமண்டி, அத்தனை பணம் போட்டு வாங்கினத இப்படியா அழுக்கா வெச்சிருப்பாக?" என்று வீட்டுத் தெலுங்கு கலந்து கேட்டிருக்கிறார். என் பழைய முதலாளிக்கு அந்தம்மா தூரத்து உறவாக இருக்குமோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

"பத்தரே, அழுக்கை மறுபடி ஏத்த முடியுமா?" என்றார் மாஸ்டர்.

என் தொழிலில் அழுக்கை எடுக்கச் சொல்லி வந்தவர்கள் ஆயிரம் பேர். வைக்கச் சொல்லி வந்தவர் இவர் ஒருவர்தான். "ஏத்தலாம் சார். ஒரு பொம்பளை கழுத்துல போட்டு, அடுப்பு முன்னால ஒரு இருபது வருஷம் நிக்க வெக்கணும். கூலி கொஞ்சம் ஆகும்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "இது எனக்கு வேண்டாம். திருப்பிக் கொடுத்துட்டுப் பணத்தை வாங்கிடறேன். கழுவின காசு எனக்குப் பிரயோஜனம் இல்ல."

"கழுவினது யாரு சார்?"

"அது வேற விஷயம்" என்றார். "நீங்களும் வாங்க. அன்னைக்கு இருந்த ஆளு நீங்க."

போனோம். வழியெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டே நடந்தேன். பணம் முழுவதையும் பேச்சியம்மாள் கடையில் போட்டுவிட்டாள். திருப்பிக் கொடு என்றால் கடையைத்தான் கொடுக்க வேண்டும். முடியாது என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் அவள் புருஷன் ஓட்டுவது மாஸ்டர் வேலை பார்த்த அதே மில்லின் லாரி. அதை மாஸ்டர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லாமலேயே எல்லோருக்கும் தெரிந்த விஷயம் அது.

பேச்சியம்மாள் அடுப்படியில் கிண்டிக்கொண்டிருந்தாள். மாஸ்டர் விஷயத்தைச் சொன்னார். அவள் முகம் வெளுத்துவிட்டது. ஆனால் கரண்டியை நிறுத்தவில்லை, நிறுத்தினால் அடிபிடிக்கும். கை மட்டும் வேகமாகச் சுற்றியது. கடை பெஞ்சில் யார் உட்கார்ந்திருந்தது தெரியுமா? குருசாமி. தம்பி பெண்டாட்டியை யாரும் ஏமாற்றிவிடாமல் பார்த்துக்கொள்ளத் தினமும் வந்து, அந்தக் கவலையில் கொஞ்சம் கோவாவும் தின்பாராம்.

மாஸ்டர் அவரிடம் திரும்பினார். "நீங்கதான் வீட்டுக்குப் பெரியவரு. உங்க காசை வாங்கிக்கோங்க" என்று அவர் உள்ளங்கையில் காசை வைத்தார்.

தீர்ந்தது என்று நினைத்தேன். தங்கம் ஓடிவிடும் என்று முதலிலிருந்தே சொன்ன மனிதர் அவர். இதைவிட அவருக்கு வேறென்ன வேண்டும்?

குருசாமி காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்தார். கடைவாயில் வைத்து லேசாகக் கடித்தார். பிறகு அதை மாஸ்டரின் கையிலேயே திரும்ப வைத்தார்.

"இது எங்க காசு இல்ல."

"என்ன பெரியவரே, இதேதான்!"

"எங்க காசு கறுப்பு. இவ கல்யாணம் ஆயி வந்த நாள்லேருந்து பாக்கேன், எனக்குத் தெரியாதா? இது நேத்து அடிச்ச மாதிரி மினுங்குது. அன்னைக்கே பட்டறையில கத்துனேன், காச மாத்துவாக, மாத்துவாகன்னு. எவன் கேட்டான்? பத்தரு மாத்துனாரோ நீரு மாத்துனீரோ, அது எனக்குத் தெரியாது. மாத்துன காச எங்க வீட்டுல வாங்க மாட்டோம். ஏட்டி பேச்சி, நீ கிண்டு."

மாஸ்டர் என் பக்கம் திரும்பினார். "பத்தரே, நீங்க சொல்லுங்க. இது அந்தக் காசுதானே?"

தம்பிகளா, கை வேலையில் வரும் நெருக்கடியெல்லாம் ஒன்றுமே இல்லை. இந்த மாதிரிக் கேள்விதான் நெருக்கடி. ஆம் என்றால் அவள் கடை போச்சு. இல்லை என்றால் பொய், அதோடு நானே திருடன் என்று ஒத்துக்கொண்ட மாதிரியும் ஆகும். வாள் வேலைக்குச் சொன்னதேதான் இங்கேயும். எது சாகக் கூடாது என்று முதலில் முடிவு செய்தேன்.

"சார், அன்னைக்கு நீங்க என்கிட்ட என்ன சொன்னீங்க? கழுவாம குடுக்கணும்னீங்க. கழுவாமத்தான் குடுத்தோம். நீங்களே பூதக்கண்ணாடி வெச்சுப் பாத்து, யாரும் கை வெக்கலைன்னு சொல்லித்தான் பணத்தைக் குடுத்தீங்க. அந்தக் காசைக் கொண்டு வாங்க, பணத்தை நானே வாங்கித் தாரேன்" என்றேன். அதில் ஒரு சொல் பொய் இல்லை.

மாஸ்டர் நியாயமான மனிதர், பித்துப் பிடித்தவரே தவிர கெட்டவர் இல்லை. அடுப்பையும் அவளையும் ஒருமுறை பார்த்தார். புகையில் அவள் கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூட கையை எடுக்காமல் கிண்டிக்கொண்டிருந்தாள். "அரைக் கிலோ கட்டுங்க, வீட்டுக்கு" என்று சொல்லிவிட்டு, காசைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார். லாரி டிரைவருக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுமாதம் அந்தக் காசுக்கு நானே புதுசாக ஒரு கூடு செய்து, மாஸ்டர் சம்சாரத்தின் சங்கிலியில் மாட்டிக் கொடுத்தேன். கூலியும் வாங்கிக்கொண்டேன்.

இதிலிருந்து என்ன பாடம் என்று கேட்பீர்கள். சந்தேகப்படுகிறவரைப் பட்டறையை விட்டு விரட்டாதீர்கள் என்பதுதான். அவர் எல்லோரையும் சந்தேகப்படுகிறார், உங்களை மட்டும் அல்ல. என்றாவது ஒருநாள் உங்களுக்கு வேண்டாதவரையும் சந்தேகப்படுவார், அன்றைக்கு உட்கார்ந்து வேடிக்கை பார்க்கலாம். இதற்காக அவர் மேல் எனக்கு இருந்த கோபம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். போகவில்லை. ஆனால் அந்த மனிதர் அன்று தெரியாமலேயே ஒரு அடுப்பைக் காப்பாற்றினார். தெரிந்தே அத்தனை நல்ல காரியம் செய்தவர்கள் எனக்கு அதிகம் பழக்கமில்லை.

அந்தத் தீபாவளிக்குக் கோவா வாங்க அவள் கடைக்குப் போனேன். கல்லாப் பக்கம் தராசுக்கு முன்னால் குருசாமி உட்கார்ந்திருந்தார். சம்பளத்துக்காம். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அடுப்படிக்குப் போய், "இவரையா வெச்சிருக்கே?" என்று பேச்சியம்மாளிடம் மெதுவாகக் கேட்டேன்.

"அடுப்புக்கு நம்புற ஆளு வேணும் பத்தரே, அதுக்கு நான் இருக்கேன்" என்றாள். "தராசுக்கு இவியதான் சரி."

கால் கிலோ கேட்டேன். குருசாமி படிக்கல்லை வைத்தார், கோவாவை வைத்தார். ஒரு விள்ளல் எடுத்தார், பாதியைத் திரும்ப வைத்தார். நான் பர்ஸைத் திறந்துகொண்டு வேறெங்கோ பார்த்தேன். அவர் விடவில்லை.

"பத்தரே, இங்க பாரும். முள்ளை நல்லாப் பாத்துக்கிடும். பொறவு வீட்டுக்குப் போயி, கொறையுதுன்னு வந்து நிக்கக் கூடாது."